'புதிய சட்டம் வந்தாச்சு' என்று வரும் ஃபார்வர்ட்: நம்பும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள் | முழு விளக்கம்

"பிரேக்கிங்! வாடகை வீட்டுக்கு இனி 2 மாத அட்வான்ஸ்தான். அதற்கு மேல் கேட்டால் ஓனர் மீது கேஸ் போடலாம். அனைவருக்கும் பகிருங்கள்!"

இப்படி ஒரு மெசேஜ் உங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் வீடு தேடி அலைபவர்களுக்கு இது தேன் வந்து பாயும் செய்தி. இந்தப் பகுதிகளில் 5 மாதம், 10 மாதம் என்று அட்வான்ஸ் கேட்பது வாடிக்கை.

ஆனால், இதை நம்பி ஓனரிடம் போய் "சட்டப்படி 2 மாதம்தான் தருவேன்" என்று நின்றால் என்ன ஆகும்? வீடு கைவிட்டுப் போகும். காரணம், அந்த மெசேஜில் இருப்பது தமிழ்நாட்டில் அமலில் உள்ள சட்டமே அல்ல.

அது முழுப் பொய்யும் அல்ல. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சட்டத் தகவல்களில் முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி உண்மையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சரி, ஒரு சட்டத் தகவல் நம்பகமானதா என்று சாதாரண மக்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அதை எழுதி வெளியிடுபவர்கள் என்னென்ன விதிகளைப் பின்பற்ற வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் உண்மை என்ன?

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ஆம் தேதி 'மாதிரி வாடகைச் சட்டம்' ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. குடியிருப்பு வீடுகளுக்கு அதிகபட்சம் 2 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் பெயரிலேயே இருப்பதுபோல அது ஒரு மாதிரி. மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் சட்டத்தை இயற்றிக்கொள்ளலாம் அல்லது மாற்றிக்கொள்ளலாம். அது தானாக எந்த மாநிலத்திலும் அமலுக்கு வராது.

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கு என்று தனிச் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக இது வந்தது.

இந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு அட்வான்ஸ் பற்றிப் பேசுகிறது. 3 மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்கிறது. அப்படியானால் 10 மாதம் கேட்கும் ஓனர் மாட்டிக்கொண்டார் என்று தோன்றும். ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே 'இதற்கு மாறாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய' என்ற பொருள்படும் சொற்களோடுதான். அதாவது, 10 மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்து நீங்களே அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், கதை மாறிவிடும்.

அதே பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டைக் காலி செய்த 1 மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஓனர் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரருக்கு உண்மையிலேயே உதவக்கூடிய வரி இது. ஆனால் ஃபார்வர்ட்களில் பெரும்பாலும் இந்த வரி வருவதில்லை.

ஆக, ஒரே ஒரு மெசேஜில் மூன்று தவறுகள். வேறொரு ஆவணத்தைச் சட்டம் என்று சொன்னது, நம் மாநிலச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டது, விதிவிலக்கை மறைத்தது. இவற்றைப் பிடிக்க வக்கீல் படிப்பு தேவையில்லை. நாலு கேள்வி போதும்.

கேள்வி 1: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?

'சட்டப்படி குற்றம்', 'கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று மட்டும் இருந்தால் அது தகவல் அல்ல, வதந்தி. சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். தீர்ப்பு என்றால் எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, என்ன தேதி என்று இருக்க வேண்டும். இவை இருந்தால்தான் படிப்பவர் மூலத்தைத் தேடிப் பார்க்க முடியும்.

எண் இருந்தாலே உண்மை என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் பல முன் தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. தேடிப் பார்த்தால் அப்படி வழக்குகளே இல்லை. சாட்ஜிபிடி தானாக உருவாக்கிக் கொடுத்தவை அவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு, 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதில் காட்டப்பட்டிருந்த தீர்ப்புகளில் சில நிஜத்தில் இல்லவே இல்லை என்று தெரியவந்ததுதான் காரணம். சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் இருந்த ஒரு 'தீர்ப்பும்' அதில் அடக்கம்.

தீர்ப்பாயத்துக்கே இந்த நிலை என்றால், ரீல்ஸ் பார்த்து முடிவெடுப்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்? பிரிவு எண்ணோ வழக்கின் பெயரோ இருந்தால், அது உண்மையில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி 2: இது எந்தத் தேதி நிலவரம்?

சட்டத் தகவலும் பால் பாக்கெட் மாதிரிதான். தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது.

2024 ஜூலை 1-ஆம் தேதி நாட்டின் மூன்று பெரிய குற்றவியல் சட்டங்களும் மாறின. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம்.

மோசடிக்காரரை '420' என்று திட்டுவோமே, அந்த 420-ஆவது பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 318(4). கொலைக்கான தண்டனை 302-இல் இருந்து 103-க்குப் போய்விட்டது. எஃப்ஐஆர் பதிவு செய்வதற்கான 154-ஆவது பிரிவு இப்போது 173. இணையத்தில் குவிந்து கிடக்கும் பழைய கட்டுரைகள், வீடியோக்களில் இன்னும் பழைய எண்கள்தான்.

அதே நேரத்தில், 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த குற்றமாக இருந்தால் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். எனவே 'பழைய எண் இருக்கிறது, அதனால் பொய்' என்றும் சொல்லிவிட முடியாது. சம்பவம் எப்போது நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செக் ரிட்டர்ன் விஷயத்திலும் இதே சிக்கல்தான். ஒரு காலத்தில் செக் 6 மாதம் வரை செல்லும். 2012 ஏப்ரல் 1 முதல் 3 மாதம்தான். பணம் இல்லாமல் செக் திரும்பினால், வங்கியிடம் இருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அதன்பின் 1 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். எங்கோ பழைய கட்டுரையைப் படித்துவிட்டு '6 மாசம் டைம் இருக்கு' என்று செக்கைப் பீரோவில் வைத்திருந்தவருக்கு, செக் கேஸ் போடும் வாய்ப்பே போய்விடும். தவறான சட்டத் தகவல் பணத்தை மட்டுமல்ல, நாளையும் தின்றுவிடும்.

நீதிமன்றமே செல்லாது என்று சொன்ன பிரிவுகள் இன்னொரு வகை. போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தில் 77ஏ பிரிவைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. நிலத் தகராறுகள் அதிகமுள்ள புறநகர்ப் பகுதிகளில் இது பெரிதாகப் பேசப்பட்டது. 2024-இல் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022, 2023-இல் வெளிவந்த வீடியோவை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. இப்படிப்பட்ட தீர்ப்பு வந்தபின் மேல்முறையீடு, தடை ஏதும் இருக்கிறதா என்பதையும் பத்திரத்தோடு அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமே போட்ட ரூல்

தேதி விஷயத்தில் பத்திரிகைகள், பதிப்பகங்கள், இணையதளங்கள் என எல்லோருக்கும் பொருந்தும் ஓர் உத்தரவையே உச்ச நீதிமன்றம் பிறப்பித்திருக்கிறது. பலருக்கும் தெரியாத விஷயம் இது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு நினைவிருக்கிறதா? இணையத்தில் 'புண்படுத்தும்' பதிவு போட்டால் கைது செய்ய வழிசெய்த பிரிவு. 2015 மார்ச் 24-ஆம் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதன் பிறகும் பல மாநிலங்களில் போலீசார் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-இல் இந்த விவரம் முன்வைக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது.

இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, சட்டப் புத்தகங்கள் அச்சிடப்படும் விதம். புத்தகத்தில் 66ஏ பிரிவு முழுதாக இருக்கும். 'இது ரத்தாகிவிட்டது' என்பது அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். புத்தகத்தைப் பிரித்து வழக்குப் போடுபவர் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை.

2022 அக்டோபர் 12-ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையிலான அமர்வு தெளிவாகச் சொன்னது. 66ஏ பிரிவின் கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது. அத்துடன், அரசு வெளியீடோ தனியார் வெளியீடோ, இந்தப் பிரிவை எடுத்துப் போட்டால், அது அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டதை வாசகருக்குப் போதுமான அளவில் தெரியப்படுத்த வேண்டும்.

உத்தரவு 66ஏ பற்றியதுதான். ஆனால் அதில் உள்ள பாடம் சட்டத்தைப் பற்றி எழுதும் எல்லோருக்கும் பொருந்தும். ஒரு பிரிவை அப்படியே எடுத்துப் போடுவது போதாது. அது இன்று உயிரோடு இருக்கிறதா என்பதையும் வாசகர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும்.

கேள்வி 3: இது எங்கள் ஊருக்குப் பொருந்துமா?

டெல்லியில் எடுத்த வீடியோ, மும்பை வக்கீலின் பேச்சு, தமிழில் டப்பிங். வாடகை, நிலப் பதிவு, முத்திரைத் தீர்வை போன்ற விஷயங்களில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 'இந்தியா முழுவதும்' என்ற வார்த்தையைப் பார்த்தால் ஒரு நொடி நிறுத்தி யோசிக்கவும்.

தென்சென்னைப் புறநகரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சென்னை என்று சொல்லிக்கொண்டாலும் நிர்வாகம் வேறு வேறு. 2018-இல் ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்கள் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வட்டங்கள் அதில் வந்தன. 2021-இல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி வந்தது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட்.

ஆக, 'சென்னைவாசிகள் இந்த அலுவலகத்துக்குப் போகலாம்' என்று எழுதினால், குரோம்பேட்டைக்காரர் தவறான அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கும். 2019-க்கு முன்பு எழுதியதில் காஞ்சிபுரம் என்று இருக்கும். இன்று செங்கல்பட்டு. நல்ல கட்டுரை என்றால் எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

'இது எங்க ஸ்டேஷன் லிமிட் இல்ல' என்று போலீசார் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? எல்லைப் பகுதிகளில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்றால், அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் 'ஜீரோ எஃப்ஐஆர்' என்கிறார்கள். புதிய சட்டத்தின் 173-ஆவது பிரிவிலேயே இது எழுதப்பட்டுவிட்டது. மின்னணு முறையிலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்ஐஆர் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

கேள்வி 4: எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

'மசோதா பாஸ் ஆச்சு' என்பதும் 'சட்டம் அமலுக்கு வந்தாச்சு' என்பதும் ஒன்றல்ல. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத் தொழிலாளர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும், ஏப்ரல் 24-ஆம் தேதி அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஏப்ரல் 21 இரவு வந்த '12 மணி நேர வேலைச் சட்டம்' என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைக்குப் பேசினால் அது தவறு.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று 2019-இலும் மூன்று 2020-இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஆனால் அவை அமலுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது 2025 நவம்பர் 21-இல்தான். இடைப்பட்ட 5 ஆண்டுகளில் 'அடுத்த மாதம் முதல் வாரத்துக்கு 4 நாள்தான் வேலை' என்று எத்தனை செய்திகள் வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நீதிமன்றச் செய்திகளிலும் கட்டம் முக்கியம். விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்லும் கருத்து வேறு. இடைக்கால உத்தரவு வேறு. இறுதித் தீர்ப்பு வேறு. 

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் பிறப்பித்தது இடைக்கால உத்தரவு. முடிச்சூர், மாடம்பாக்கம் தொடங்கிப் புறநகர் முழுக்க மனை வாங்கியவர்களைக் கலங்கடித்த உத்தரவு அது. பிறகு அதில் மாற்றங்கள் வந்தன. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ விற்கப்பட்ட மனைகளுக்கு அது வழிவகுத்தது. 'அப்ரூவல் இல்லாத மனை எதையும் பதிய முடியாது' என்பதும் தவறு. 'எல்லாவற்றையும் பதியலாம்' என்பதும் தவறு. எந்தத் தேதியில் விற்ற மனை, இப்போது என்ன விதி என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

வெளியிடுபவர்களுக்கு என்ன பொறுப்பு?

இதுவரை பார்த்தது படிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள். இதே கேள்விகளுக்கு, எழுதுபவர் கேட்கும் முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரையோ வீடியோவோ, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எழுதியவர் பெயர், சட்டம் தெரிந்த யாராவது சரிபார்த்தார்களா என்ற விவரம், கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவை இருக்க வேண்டும். தலைப்பில் மட்டும் புதுத் தேதியைப் போட்டுவிட்டு உள்ளே பழைய சரக்கை விடுவது திருத்தம் ஆகாது.

விதிவிலக்கு தலைப்புக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். '3 மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கூடாது' என்று தலைப்பு வைத்துவிட்டு, 'ஒப்பந்தம் இருந்தால் ஒழிய' என்பதைப் பத்தாவது பத்தியில் புதைத்தால், அது வாசகரை ஏமாற்றுவதுதான். மொபைலில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

தவறு நேர்ந்தால் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. என்ன தவறு, எப்போது திருத்தப்பட்டது என்று அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். பழையதைப் படித்துவிட்டுப் போனவருக்கும் அது தெரிய வேண்டும்.

விளம்பரமா, தகவலா என்பது தெளிவாக இருக்க வேண்டும். இந்தியாவில் வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்தி வழக்குப் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. இணையதளங்கள் வழியாக இப்படி விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க வழிகாட்டுதல் வெளியிடுமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. '100 சதவீதம் ஜெயிக்கலாம், உடனே கால் பண்ணுங்க' என்று முடியும் வீடியோ சட்டக் கல்வி அல்ல.

அடையாளம் காக்கப்பட வேண்டும். நக்கீரன் வார இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில், பொது ஆவணங்களிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் உள்ளதை வெளியிடலாம் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், பாலியல் வன்முறை போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவும், குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் இதைத் தடுக்கின்றன. ஊடகங்களுக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். 'விழிப்புணர்வு' என்ற பெயரில் எஃப்ஐஆர் நகலைக் குரூப்பில் போடுகிறவரும் சிக்கலாம்.

மூலத்தை எங்கே பார்ப்பது?

மத்திய, மாநிலச் சட்டங்களின் முழு வாசகமும் அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசிதழ், எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை இணையதளத்தில் உள்ளது. வழக்கின் நிலையை 'இ-கோர்ட்ஸ்' செயலியில் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் 'இ-எஸ்சிஆர்' தளத்தில் இலவசம். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தமிழாக்கங்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். அதிகாரபூர்வ வடிவம் ஆங்கிலத்தில் இருப்பதே என்று மொழிபெயர்ப்பிலேயே குறிப்பு இருக்கும். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம் என்று அரசமைப்பின் 348-ஆவது பிரிவு சொல்வதுதான் காரணம். அதனால்தான் சட்டத்தைத் தமிழில் எளிமையாகச் சொல்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு. 'செய்யலாம்' என்பதை 'செய்ய வேண்டும்' என்று மாற்றி எழுதினால் சட்டமே மாறிவிடும்.

'டிஜிட்டல் அரஸ்ட்' என்று கால் வந்தால்?

தவறான சட்டத் தகவலின் மிக ஆபத்தான முகம் இது. போலீஸ் உடை, நீதிமன்ற முத்திரை, பிரிவு எண் என எல்லாவற்றோடும் வீடியோ காலில் வந்து மிரட்டுவார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள்தான் அதிகம் குறி வைக்கப்படுகிறார்கள்.

நினைவில் வையுங்கள்: 'டிஜிட்டல் அரஸ்ட்' என்று இந்தியச் சட்டம் எதிலும் இல்லை. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. போலீசோ நீதிமன்றமோ 'சரிபார்ப்புக்காக' பணம் அனுப்பச் சொல்லாது. காலைத் துண்டித்துவிட்டு உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தால், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அதை முடக்கி மீட்க வாய்ப்பு.

தகவல் எங்கே முடிகிறது, ஆலோசனை எங்கே தொடங்குகிறது?

எவ்வளவு நல்ல கட்டுரையாக இருந்தாலும் அது பொதுவான தகவல்தான். 'அட்வான்ஸை 1 மாதத்தில் திருப்பித் தர வேண்டும்' என்பது தகவல். 'உங்கள் அக்ரிமென்ட்டில் உள்ள 7-ஆவது ஷரத்துப்படி ஓனர் பிடித்த பெயின்டிங் காசு சரியா?' என்பது ஆலோசனை. அதற்கு உங்கள் ஆவணங்களைப் படித்துப் பார்க்கும் ஒருவர் தேவை.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே என்றால் வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய வரி இது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

இதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தாம்பரம், பல்லாவரம் பகுதியினருக்கு அது செங்கல்பட்டில். போனில் கேட்க தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. 'டெலி-லா' சேவைக்கு 14454.

சுருக்கமாக...

அடுத்த முறை 'புதிய சட்டம்' என்று ஒரு மெசேஜ் வந்தால், ஃபார்வர்ட் பட்டனைத் தொடும் முன் இந்த நாலையும் கேளுங்கள்:

1. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு அல்லது எந்தத் தீர்ப்பு?
2. எந்தத் தேதி நிலவரம்? இன்றும் அமலில் இருக்கிறதா?
3. தமிழ்நாட்டுக்கு, உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்துமா?
4. மசோதாவா, சட்டமா? இடைக்கால உத்தரவா, இறுதித் தீர்ப்பா?

நாலில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அதை வைத்துப் பணம் கட்டுவதோ, கையெழுத்துப் போடுவதோ, கெடு தேதியைத் தள்ளிப்போடுவதோ வேண்டாம். இந்தக் கட்டுரையில் உள்ள பிரிவுகளுக்கும் அதே விதிதான். பயன்படுத்தும் முன், அன்றைய நிலவரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.